பாதுகாப்பான நிறங்கள்

குடிநீர் வாரியத்தின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ள ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அவருக்குப் பதவிப்பெயர் எதுவும் கிடையாது. ஒப்பந்த ஊழியர் என்பதால் வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், தோட்டக்காரருக்கும் கீழே, அவர் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தார்கள். எல்லாரும் வெப்சைட்காரர் என்றே கூப்பிட்டார்கள். மூன்றாவது மாடியில், ஓடாத மீட்டர்களை அடுக்கிவைத்த அறையில் ஜன்னலோரம் ஒரு மேஜை கொடுத்திருந்தார்கள். அங்கே உட்கார்ந்து ஆறு வருஷமாக ஒரே வரைபடத்துக்கு வண்ணம் மாற்றிக்கொண்டிருந்தார்.

நகரத்தின் பதின்மூன்று பகுதிகளையும் காட்டும் வரைபடம் அது. ஒரு பகுதி பச்சையாக இருந்தால் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். வெளிர்மஞ்சள் என்றால் காய்ச்சிக் குடிக்க வேண்டும். சிவப்பு என்றால் வாயிலேயே வைக்கக் கூடாது. திங்கட்கிழமை தோறும் ஆய்வகத்து அம்மா படியேறி வந்து ஒரு சீட்டைக் கொடுப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, மூச்சுவாங்க, "இந்த வாரம் ஏழாம் பகுதி தேறிடுச்சு" என்றோ, "நாலு கெட்டுப்போச்சு" என்றோ, பரீட்சை முடிவு சொல்வதுபோல் சொல்வார். வெப்சைட்காரர் நிறத்தை மாற்றுவார். பத்து நிமிஷ வேலை. மீதி வாரம் முழுக்க, இயக்குநர் குழாயைத் திறந்துவைக்கும் புகைப்படங்களை ஏற்றிக்கொண்டிருப்பார்.

அந்தத் திங்கட்கிழமை சீட்டில் கிழக்குப் பகுதி இருந்தது. கழிவுநீர் எங்கோ குழாயில் கலக்கிறது என்றார் ஆய்வகத்து அம்மா. கிழக்குப் பகுதியில்தான் வெப்சைட்காரரின் அக்கா குடியிருந்தாள். மச்சானுக்கு அங்கே தையல் மெஷின் ரிப்பேர் கடை. கடைக்குப் பின்னால் இரண்டு அறை, அதுதான் வீடு. வெப்சைட்காரர் கிழக்கை மஞ்சளாக்கிவிட்டு, நாலு பேருக்குத் தெரிந்தால் நல்லது என்று அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, எங்க வெப்சைட்டைத் திறந்து பாரு. உங்க ஏரியா மஞ்சளா இருக்கும். தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லு."

கொஞ்ச நேரம் கழித்து அக்காவே கூப்பிட்டாள்.

"ஏன்டா, உங்க படத்துல எங்க ஏரியாவே இல்லையே?"

"இருக்குமே. வலது பக்கம் மஞ்சளா."

"மஞ்சளும் இல்ல கிஞ்சளும் இல்ல. வெள்ளையா கிடக்கு. எங்களை ஊரைவிட்டே தள்ளிவெச்சுட்டீங்கன்னு நெனச்சேன்."

அக்காவிடம் தண்ணீரைக் காய்ச்சச் சொல்லிவிட்டு, வெப்சைட்காரர் கீழே இறங்கிப்போய்க் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் போனைக் கேட்டு வாங்கினார். வாசல் காவலாளியுடையது, டிரைவருடையது, பெருக்குகிற அம்மாவுடையது, கேன்டீன்காரருடையது. எல்லாவற்றிலும் வரைபடத்தைத் திறந்து வரிசையாக மேஜையில் வைத்தார். காவலாளியின் போனில் கிழக்குப் பகுதி பால் வெள்ளை. டிரைவருடையதில் பழுக்காத எலுமிச்சை, பக்கத்துப் பகுதியின் பச்சைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. பெருக்குகிற அம்மாவின் போன் எப்போதோ கீழே விழுந்து விரிசல்விட்டிருந்தது. அதில் சாம்பல் மாதிரி ஒன்று. வெப்சைட்காரரின் கம்ப்யூட்டரில் மட்டும் அழகான வெளிர்மஞ்சள். ஆறு வருஷமாக அவர் பூசிய மஞ்சளை அவரைத் தவிர யாருமே சரியாகப் பார்த்ததில்லை என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

வழி ரொம்பச் சுலபம். எந்த மட்டமான திரையிலும் சாயம் போகாத அழுத்தமான நிறமாக எடுக்க வேண்டும். அதோடு நிறத்தை மட்டும் நம்பாமல், கட்டத்துக்குள்ளேயே 'காய்ச்சிக் குடிக்கவும்' என்று எழுதிவிட வேண்டும். அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். பாஸ்வேர்டும் அவர் கையில்தான். ஆனால் ஆறு வருஷம் வாரியத்தில் இருந்த மனுஷன் அல்லவா? அனுமதி கேட்டு ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

குறிப்பு கண்காணிப்பாளரிடம் போனது. ஒரு காகிதத்தைக் கையில் எடுத்தால் அதிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுப் படிக்கிற அம்மாள் அவர். மறுநாள் கூப்பிட்டனுப்பினார்.

"இங்க எழுதியிருக்கீங்களே, இருநூத்திப் பதினாறு 'பாதுகாப்பான நிறங்கள்'னு. அது என்னங்க?"

"எங்க தொழில்ல சொல்றதுங்க மேடம். அந்தக் காலத்துல, கம்ப்யூட்டரெல்லாம் நிறம் காட்டவே திணறினப்போ, எந்தத் திரைக்குப் போனாலும் மாறாம தெரியும்னு ஒரு இருநூத்திப் பதினாறை ஒதுக்கிவெச்சாங்க. இப்ப அது அவ்வளவா தேவையில்ல. ஒரு உதாரணத்துக்கு எழுதினேன்."

"சிவப்பு அதுல இருக்கா?"

"இருக்குங்க."

பென்சில் நின்றது. "சிவப்பு எப்படிங்க பாதுகாப்பானதாகும்? நம்ம வாரியத்துல சிவப்புன்னா ஆபத்துல்ல?"

"அந்தப் பாதுகாப்பு இல்லைங்க மேடம். இது நிறம் மாறாதுங்கற பாதுகாப்பு."

"அப்போ ஆபத்தான ஒரு பகுதியை நீங்க பாதுகாப்பான நிறத்துல காட்டப்போறீங்க."

"ஆமாங்க. அப்பத்தான் ஆபத்துன்னு தெரியும்."

கண்காணிப்பாளர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "இது என் மட்டத்துல முடியற விஷயம் இல்லை" என்று சொல்லி, குறிப்பின் மேல்மூலையில் ஒரு கோடு போட்டு மேலே அனுப்பிவைத்தார்.

பத்து நாளில் நிற ஒருமைப்பாட்டுக் குழு அமைந்தது. ஒன்பது பேர். அதில் நிறம் தெரிந்தவர் யாரும் இல்லை. தண்ணீர் தெரிந்தவரும் இல்லை. ஆய்வகத்து அம்மாவைச் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தபோது, அவர் எப்போதும் தண்ணீரைப் பற்றியே பேசுவார், விவாதம் திசைமாறும் என்று விட்டுவிட்டார்கள். வெப்சைட்காரரைச் சிறப்பு அழைப்பாளர் ஆக்கினார்கள். அதாவது, நாற்காலி உண்டு, மேஜை கிடையாது.

முதல் கூட்டத்தில் இயக்குநர் தன் போனை எடுத்து நீட்டினார். "நீங்க என்னமோ மஞ்சள் தெரியலைன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு நல்லா தெரியுதே. பாருங்க, எவ்வளவு பளிச்சுனு இருக்கு."

வெப்சைட்காரர் எட்டிப்பார்த்தார். கண் கூசாமலிருக்கத் திரையை மஞ்சளாக்கிக் காட்டும் வசதியை இயக்குநர் எப்போதோ போட்டுவிட்டு மறந்திருந்தார். வரைபடம் மஞ்சள், அதைச் சுற்றியிருந்த வெள்ளை மஞ்சள், வாரியத்தின் நீலச் சின்னம் பாசிபிடித்த ஒரு நிறம்.

"ஐயா, உங்க போன்ல எல்லாமே மஞ்சளா இருக்குங்க. வெள்ளைகூட."

ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து சத்தமில்லாமல் குடித்தார். கடையில் வாங்கிய, மூடி முத்திரை போட்ட பாட்டில். ஒன்பது பேர் முன்னாலும் ஒவ்வொன்று இருந்தது.

"தம்பி, ஒண்ணு புரிஞ்சுக்கங்க" என்றார் இயக்குநர். குரலில் கோபமே இல்லை. "ஊர்ல லட்சம் போன் இருக்கும். லட்சம் பேருக்கு லட்சம் விதமா தெரியும். அது அவங்கவங்க பிரச்சினை. வாரியத்துக்கு என்ன தெரியுதோ, அதுதான் நிறம். அதுல நமக்குள்ள ஒருமைப்பாடு வந்துட்டா போதும். எனக்கு இப்ப உறுத்தறது அந்தச் சின்னம்தான். நீலம் ஏன் இப்படிப் பச்சையடிக்குது? முதல்ல அதைப் பாருங்க."

முதல் மூன்று கூட்டங்களும் சின்னத்தின் நீலத்துக்கே போயின. வெப்சைட்காரர் நாற்பது நீலங்களை வெப்சைட்டில் ஏற்றிக் காட்டினார். இயக்குநரின் போனில் சரியாகத் தெரிந்த நீலம் மற்ற எட்டுப் பேருக்கும் கத்தரிப்பூவாகத் தெரிந்தது. எட்டுப் பேரும் அதுவே நீலம் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

வாராவாரம் திங்கட்கிழமை ஆய்வகத்து அம்மா படியேறி வந்தார். சீட்டில் கிழக்கின் கிருமி எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது.

"குழு முடிஞ்சுதா?"

"நீலத்துல இருக்காங்க அம்மா."

"நீங்க எழுத்தை மட்டுமாவது போட்டுவிடுங்களேன். பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான்."

"அப்புறம்?"

"ஒப்புதல் வரணும்ல."

அந்த அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சீட்டை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அந்தப் பார்வை வெப்சைட்காரருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவிடவில்லை. என்றாலும் மூன்றாம் நாள் இறங்கியது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது.

நாலாவது கூட்டத்தில் எழுத்து விஷயம் வந்தது. வெப்சைட்காரர் எழுந்து நின்று, "கட்டத்துக்குள்ள 'காய்ச்சிக் குடிக்கவும்'னு ரெண்டே சொல்லுங்க. எந்த போன்லயும் படிக்கலாம்" என்றார்.

"அதுதான் சிக்கலே" என்றார் இயக்குநர். "எழுத்துப் போட்டா படிப்பாங்க."

"அதுக்குத்தானேங்க ஐயா?"

"படிச்சவன் சும்மா இருப்பானா? ஏன் காய்ச்சணும்னு கேப்பான். எப்பலேருந்துன்னு கேப்பான். குழாய் எங்க ஓட்டைன்னு கேப்பான். நாளைக்கு வயிறு வலிச்சா, 'நீங்களே எழுதியிருக்கீங்களே'ன்னு அந்தப் பக்கத்தையே கொண்டாந்து நீட்டுவான். நிறம்னா அந்தத் தொல்லை இல்ல பாருங்க. சொன்ன மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும். அதனாலதான் பெரியவங்க வரைபடத்துக்கு நிறம்னு வெச்சிருக்காங்க."

கண்காணிப்பாளர் இதை அப்படியே பதிவுசெய்தார். 'எழுத்து தவிர்க்கப்படும். நிறம் தெளிவு தரும்' என்று.

ஐந்தாவது கூட்டத்தில் நிர்ணயத்திரை வாங்குவதென்று முடிவாயிற்று. நிறம் துல்லியமாகத் தெரிகிற திரை ஒன்றை வாங்கி, அதில் தெரிவதையே வாரியத்தின் நிறமாகக் கொள்வது. நிறத்தைச் சரியாகப் பார்க்கச் சுற்றுப்புறமெல்லாம் சாம்பலாக இருக்க வேண்டும் என்று விற்பனையாளர் சொல்லிவைத்தார். ஆகவே முதல் மாடியில் கோப்புகள் வைத்திருந்த அறையைக் காலிசெய்து, சுவர், கூரை, கதவு எல்லாவற்றுக்கும் சாம்பல் பூசினார்கள். ஜன்னலை அடைத்தார்கள். சட்டையின் நிறம் திரையில் பட்டுவிடக் கூடாது என்று குழு உறுப்பினர்களுக்குச் சாம்பல் நிறத்தில் மேலங்கி தைத்தார்கள். ஒன்பது பேரும் அந்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு, இருட்டறையில், வெளிச்சமான ஒரு திரையின் முன்னால் கைகட்டி நின்ற புகைப்படத்தை வெப்சைட்காரர்தான் ஏற்றினார். பிரேத அறை மாதிரி இருந்தது. தலைப்பு 'ஒரே நகரம், ஒரே நிறம்'.

நிர்ணயத்திரையைப் பொதுமக்களும் வந்து பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். உங்கள் போனில் நிறம் சரியாகத் தெரியாவிட்டால், அலுவலக நேரத்தில் நேரில் வந்து, மேலங்கி அணிந்து, உங்கள் பகுதியின் நிறத்தைத் தெரிந்துகொண்டு போகலாம். முதல் நாள் ஏழு பேர் வந்தார்கள். அதில் ஒரு பெரியவர், "மஞ்சள் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்றார். கண்காணிப்பாளர் அவர் பெயருக்கு நேரே 'பார்வைக் குறைபாடு' என்று குறித்து, கண் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். எட்டாவதாக யாரும் வரவில்லை.

கடைசிக் கூட்டத்தில் கண்காணிப்பாளர் ஆதிகாலத்துக் குறிப்பை எடுத்தார். "பாதுகாப்பான நிறங்களை மட்டுமே பயன்படுத்தணும்னு வெப்சைட்காரரே எழுத்துமூலமா கொடுத்திருக்கார். சிவப்பு பாதுகாப்பானது இல்லைங்கறது இந்தக் குழுவுல எல்லாருக்கும் தெரியும். மஞ்சள் அரைகுறை. மிஞ்சறது பச்சை."

"மேடம், அந்தப் பாதுகாப்பு வேறன்னு நான் அன்னிக்கே..."

"நீங்க உட்காருங்க. எழுதினது உங்க கை, கையெழுத்து உங்களுது."

பதின்மூன்று பகுதிகளும் இனி பச்சை. அப்படியே குடிக்கத்தக்கது இளம்பச்சை, காய்ச்ச வேண்டியது நடுப்பச்சை, குடிக்கக் கூடாதது கரும்பச்சை. எல்லாம் இருநூற்றுப் பதினாறிலிருந்தே எடுத்தது. எந்தத் திரையிலும் மாறாது. ஒருமைப்பாடு வந்துவிட்டது. இயக்குநர் எழுந்து, வெப்சைட்காரரின் ஆர்வத்தால்தான் இது சாத்தியமாயிற்று என்று பாராட்டினார். ஒன்பது பேரும் கைதட்டினார்கள். வெப்சைட்காரர் மூன்றாவது மாடிக்குப் போய், கிழக்குப் பகுதிக்கு நடுப்பச்சை பூசினார். தன் கையாலேயே பூசினார்.

"இது பச்சைப் பொய்" என்றார் ஆய்வகத்து அம்மா, திரையைப் பார்த்துவிட்டு. சிரிக்கவில்லை.

செய்திக்குறிப்பு மறுநாள் வெளியானது. 'வாரியத்தின் வரைபடத்தில் பதின்மூன்று பகுதிகளும் இன்று முதல் பாதுகாப்பான நிறங்களில்' என்று கண்காணிப்பாளர் கவனமாக எழுதியிருந்தார். பத்திரிகைக்காரர்களுக்கு இடம் போதவில்லை. 'பதின்மூன்று பகுதிகளும் பாதுகாப்பு: வாரியம்' என்று போட்டுவிட்டார்கள். வாரியம் மறுக்கவில்லை. அதில் ஒரு சொல்கூடத் தவறில்லை என்றார் கண்காணிப்பாளர். சில சொற்கள் விட்டுப்போயிருக்கின்றன, அவ்வளவுதான்.

கடைக்கு வந்த யாரோ விட்டுப்போன பத்திரிகையில் மச்சான் அந்தச் செய்தியைப் பார்த்தார். பின்னாலிருந்த அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"அதை அணைச்சுடு. எதுக்கு வீணா கேஸைக் கொளுத்தறே? எல்லாம் சரியாப்போச்சாம்."

"தம்பி காய்ச்சச் சொல்லியிருக்கான்ல" என்றாள் அக்கா.

"அவன் ஒப்பந்த ஆளு. இது வாரியமே சொன்னது." மச்சான் தன் போனைத் திறந்து காட்டினார். "இந்தா, பாரு. பச்சை. பச்சைன்னா பச்சைத் தண்ணியே குடிக்கலாம்னுதானே அர்த்தம்?"

அக்கா தனக்கு மட்டும் ஒரு சொம்பு காய்ச்சி ஆறவைத்துக்கொண்டாள். மச்சான் குழாயில் நேரே டம்ளரைப் பிடித்துக் குடித்தார். தம்பிக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீட்டுச் சண்டையை வெளியே கொண்டுபோவானேன் என்று அவள் விட்டுவிட்டாள்.

நாலு வாரம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். குரல் சரியில்லை. மச்சானுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், சாப்பிட்டதெல்லாம் வாந்தி, நிற்க முடியவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றாள். வெப்சைட்காரர் அப்படியே எழுந்து ஓடினார்.

வார்டில் கிழக்குப் பகுதிக்காரர்கள் மட்டும் ஆறு பேர். மச்சான் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வெப்சைட்காரரின் குரல் கேட்டதும் கண்ணைத் திறந்தார். முட்டைக்கருபோல் மஞ்சள். பட்டப்பகல் வெளிச்சத்தில், நடுவில் எந்தத் திரையும் இல்லாமல் தெரிந்தது.

"கல்லீரல்ல பிடிச்சிருக்காம்" என்றாள் அக்கா. "தண்ணிதான்னு டாக்டர் சொல்றாரு. எத்தனை தடவை சொன்னேன்டா. பேப்பர்லயே போட்டிருக்குன்னாரு."

"பேப்பர்ல மட்டுமா?" மச்சானுக்குப் பேச மூச்சு போதவில்லை. நிறுத்தி நிறுத்திக் கேட்டார். "மாப்ளே, அந்தப் பச்சை யாரு போட்டது?"

வெப்சைட்காரர் குழு, குறிப்பு, ஒப்புதல் என்று ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே வாய் கூசியது.

"நான் போட்டது மச்சான்."

மச்சான் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா தம்பியைத் திட்டவில்லை. ஈரத்துணியைப் பிழிந்து புருஷனின் நெற்றியில் போட்டாள், எடுத்தாள், மறுபடி நனைத்தாள். "போய் வேலையைப் பாரு" என்று மட்டும் சொன்னாள்.

போனார். மூன்றாவது மாடிக்குப் போய், முகப்புப் பக்கத்திலிருந்த வரைபடத்தைத் தூக்கினார், சின்னத்தைத் தூக்கினார், இயக்குநரின் புகைப்படங்களைத் தூக்கினார். வெள்ளைப் பக்கத்தில், எந்த உடைந்த போனிலும் படிக்கிற அளவுக்குப் பெரிய கறுப்பு எழுத்தில், 'கிழக்குப் பகுதி: குழாய்த் தண்ணீரில் கழிவுநீர் கலந்திருக்கிறது. காய்ச்சாமல் குடிக்காதீர்கள்' என்று எழுதி ஏற்றினார். ஒன்பது நிமிஷம் ஆனது. முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது நிமிஷத்துக்கா இத்தனை வாரம் என்று நினைத்தவர், மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதார்.

எழுத்து ஒரு மணி பத்து நிமிஷம் தாக்குப்பிடித்தது. அதற்குள் பல பேர் அதைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிவிட்டார்கள். நாலரை மணிக்குக் கண்காணிப்பாளர் மேலே வந்தார். சத்தம் போடவில்லை. ஒரு காகிதத்தை நீட்டி, அதில் பாஸ்வேர்டை எழுதச் சொன்னார்.

"கறுப்பு வெள்ளையில போட்டிருக்கீங்க."

"கறுப்பும் வெள்ளையும் அந்த இருநூத்திப் பதினாறுல இருக்குங்க மேடம்."

"இருக்கலாம். ஒப்புதல் வாங்கின மூணுல இல்லை."

இயக்குநர் அவரை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அன்றைக்குத்தான் வெப்சைட்காரருக்கு இயக்குநர் முன்னால் மேஜையோடு நாற்காலி கிடைத்தது.

"மச்சானுக்கு உடம்பு சரியில்லையாமே. கேட்டதும் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு." நிஜமாகவே கஷ்டப்பட்டவர்போல்தான் முகத்தை வைத்திருந்தார். "ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இந்த ஊர்த் தண்ணியை எவனாவது காய்ச்சாம குடிப்பானா? நான் வாரியத்துல சேர்ந்து இருபத்திரெண்டு வருஷம். ஒரு நாள் குடிச்சதில்ல. வீட்ல காய்ச்சி, வடிகட்டி, அப்புறமும் யோசிச்சுத்தான் குடிப்போம். சொந்த புத்தின்னு ஒண்ணு வேணாமா?"

"நாமதானேங்க ஐயா பச்சைன்னு போட்டோம்?"

"நடுப்பச்சை" என்று திருத்தினார் இயக்குநர். "இளம்பச்சை இல்ல. கவனிச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அன்று மாலையே வாரியம் ஒரு மறுப்பு வெளியிட்டது. வாரியத்தின் பெயரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உலவுவதாகவும், அங்கீகரிக்கப்பட்ட நிறங்களில் இல்லாததால் அது போலி என்றும், மக்கள் பாதுகாப்பான நிறங்களில் வரும் செய்தியை மட்டுமே நம்ப வேண்டும் என்றும். கீழே சின்னம், கத்தரிப்பூ நீலத்தில். வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெயரை அழிரப்பரால் அழித்தார்கள். பென்சில் என்பதால் வடுகூட விழவில்லை.

சனிக்கிழமை விடியும்போது, மச்சான் இருந்த வார்டில் மூன்றாவது கட்டிலில் இருந்த பெண் இறந்துபோனாள். அக்காவின் தெருவுக்கு அடுத்த தெரு. இறந்தவர் வாரியத்தின் வரைபடத்தைப் பார்த்ததற்கு ஆதாரமில்லை என்று வாரியம் வருத்தம் தெரிவித்தது.

வெப்சைட்காரர் காலையிலேயே அக்காவின் தெருவுக்குப் போனார். ஆய்வகத்து அம்மா தன் சீட்டுகளை நகலெடுத்துக் கொடுத்திருந்தார். முனை வீட்டில் தொடங்கினார்.

"தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க. கழிவுநீர் கலந்திருக்கு."

"நீங்க வாரியத்து ஆளா?" என்றாள் அந்த வீட்டுக்காரி.

"நேத்து வரைக்கும்."

"இப்ப?"

"இல்லைங்க."

"அப்போ உங்களுக்கு எப்படித் தெரியும்?" கதவு சாத்திக்கொண்டது.

அடுத்த வீட்டில் வாரியம் என்றே சொல்லிப்பார்த்தார். அந்த வீட்டுக்காரர், மாடிக்குத் தண்ணீர் ஏறாதது பற்றி மூன்று வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த வசவையெல்லாம் அவர் தலையில் கொட்டினார். நடுவில் வாயைத் திறக்கவே விடவில்லை. இன்னொரு வீட்டில் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அதிகமா, கம்மியா?" என்று கேட்டார்கள். அதிகம் என்றார். "வரைபடம் வேற மாதிரி சொல்லுதே" என்று திருப்பிக் கொடுத்தார்கள். காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பெண், போனில் மறுப்பைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "போலின்னு போட்டிருக்கே. அந்தப் போலி நீங்கதானா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பதினோராவது வீட்டுக்கு வருவதற்குள் வெயில் ஏறியிருந்தது. கையில் சிறுகுழந்தையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். வெப்சைட்காரருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. சீட்டைச் சட்டைப்பையில் வைத்துவிட்டார்.

"மெஷின் ரிப்பேர் கடைக்காரர் தெரியும்ல? என் மச்சான். குழாய்த் தண்ணியைக் குடிச்சு ஆஸ்பத்திரியில கிடக்காரு. கண்ணெல்லாம் மஞ்சளாயிடுச்சு."

"ஐயையோ. அவரா? என் மெஷினைப் போன வாரமே தரேன்னு சொன்னாரே. கடை ஏன் பூட்டியிருக்குன்னு யோசிச்சுட்டே இருந்தேன்..." அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "பொழச்சுக்குவாரா?"

"தெரியலைங்க. டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. உள்ளே போனாள். குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீரை முழுக்க முற்றத்தில் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு பாத்திரம் ஒன்று அடுப்பில் ஏறியது.

வெப்சைட்காரர் திரும்பி முனை வீட்டுக்கே நடந்தார். மறுபடியும் கதவைத் தட்டினார்.